ஸ்தன்யுகோவிச்: கடலை வேணாம்னு ஓடி வந்துட்டு, கடலாலயே பேர் வாங்குன மனுஷன்

பழையபேப்பர்:
ரொம்ப நாளா இந்த இழையை ஆரம்பிக்கணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். ரஷ்ய இலக்கியம்னா நமக்கு டால்ஸ்டாய், தஸ்தயெவ்ஸ்கி, செகாவ், கார்க்கி, அதோட கடை சாத்தியாச்சு. கான்ஸ்டன்டீன் ஸ்தன்யுகோவிச்னு ஒருத்தர் இருந்தார்ங்கறதே எனக்கு அஞ்சு வருஷம் முன்னாடி வரைக்கும் தெரியாது. ஒரு பழைய புத்தகக் கடையில அட்டை கிழிஞ்ச மாஸ்கோ பதிப்பு, இங்கிலீஷ்ல அவரோட கடல் கதைகள், முப்பது ரூபா. பஸ்ல பொழுது போகட்டும்னு வாங்குனேன், இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டு ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்குனேன்.

ஆளு யாருன்னா, 1843ல செவஸ்தோபோல்ல பொறந்தவர். அப்பா மிகயீல் ஸ்தன்யுகோவிச் அட்மிரல், அந்தத் துறைமுகத்துக்கே தலைவர், ஊருக்கு ராணுவ கவர்னர். அந்தப் பெரிய மனுஷனே 1826லேர்ந்து 1829 வரைக்கும் 'மோல்லர்'ங்கற கப்பலை ஓட்டிக்கிட்டு உலகத்தைச் சுத்தி வந்தவர். பையனுக்கு 11 வயசு ஆகுறப்ப கிரிமியப் போர் வந்து ஊரே முற்றுகையில மாட்டுது, அந்த வயசுலயே அவன் சட்டையில ரெண்டு மெடல் தொங்குது. அப்புறம் பீட்டர்ஸ்பர்க், 1857ல கடற்படை கேடட் பள்ளி. அங்க பையன் கவிதை எழுத ஆரம்பிச்சு, 1859லயே ஒன்னு பத்திரிகையில வந்துடுச்சு. யூனிவர்சிட்டி போறேன், கப்பல் வேணாம்னு சொல்றான். அப்பா என்ன பண்ணார் தெரியுமா, படிப்பு முடியறதுக்கு முன்னாடியே ஆளைத் தூக்கி 'கலேவலா'ங்கற போர்க்கப்பல்ல ஏத்தி உலகச் சுற்றுப் பயணத்துக்கு அனுப்பிட்டார். 1860 அக்டோபர், 17 வயசு.

நாலு வருஷம் கழிச்சு, 1864ல, லெப்டினன்ட் ரேங்கோட ராஜினாமா. அப்பா கைகழுவிட்டார், காசு கிடையாது, சொத்து கிடையாது. அதுக்கப்புறம் கிராமத்து வாத்தியார், ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா வேலை, பத்திரிகை, கைது, சைபீரியா. இவ்வளவையும் தாண்டி 40 வயசுக்கு மேலதான் நமக்குத் தெரியுற அந்த எழுத்தாளர் வெளிய வர்றார்.

என் கேள்வி ஒன்னே ஒன்னுதான். கடலை விட்டு இருபது வருஷம் ஆனப்புறம் ஏன் கடல்? யாராவது படிச்சிருந்தா வாங்க.

ஞாயிறுமதியம்:
துண்டு போட்டுட்டேன். பேரைச் சொல்லவே நாக்கு சுளுக்குது, ஆனா கதை நல்லா இருக்கு.

கத்திரிவெயில்:
படிச்சிருக்கேன் ப்ரோ, அதே சிவப்பு அட்டைதான்னு நெனைக்கிறேன். ஆனா 'கடற்படை அதிகாரியா இருந்து எழுத்தாளர் ஆனவர்'ங்கற பில்டப்பு கொஞ்சம் ஓவர். நாலு வருஷம். அதுலயும் பாதி நேரம் டிரெய்னிங் பையன். நம்ம ஊர்ல நாலு வருஷம் மெடிக்கல் ரெப்பா இருந்தவன் 'மருத்துவத் துறையில் அனுபவம்'னு போட்டுக்கிற மாதிரி இருக்கு. இன்னொன்னு, அவர் கதையில வர்ற மாலுமி எல்லாரும் தங்கம். குடிப்பான், திருடுவான், கெட்ட வார்த்தை பேசுவான், ஆனா உள்ளுக்குள்ள குழந்தை. ஒரு அட்மிரல் வீட்டுப் பையன் மேல் தளத்துலேர்ந்து கீழ பார்த்து இரக்கப்பட்டு எழுதுனது. எனக்கு அது கொஞ்சம் சர்க்கரை ஜாஸ்தி.

அணியம்77:
வணக்கம். நான் வேலையே கப்பல்லதான், சரக்குக் கப்பல், இப்ப லீவுல ஊர்ல இருக்கேன். இந்த எழுத்தாளரை எனக்கு முன்னாடி தெரியாது, பழையபேப்பர் அண்ணன் போன வாரம் தனி மெசேஜ்ல ஒரு கதையை அனுப்புனார், 'ஆள் கடல்ல விழுந்துட்டான்'னு கத்துறதே தலைப்பா வச்ச கதை. அதைப் படிச்சுட்டு வர்றேன்.

கத்திரிவெயில் தம்பி, நாலு வருஷம்னு ஈஸியா சொல்லிட்டீங்க. அந்தக் காலத்து நாலு வருஷம் வேற. எங்களுக்கு ஒன்பது மாசம் காண்ட்ராக்ட், வைஃபை ஒரு நாள் கட்டானா சண்டை. அவங்களுக்கு கடுதாசி வர்றதே அடுத்த துறைமுகத்துல. ஒரே கப்பல்ல நூறு நூத்தம்பது பேர், ஒருத்தன் மூச்சு இன்னொருத்தன் மேல படும். 17 வயசுல அதுக்குள்ள போறவன் நாலு வருஷத்துல பாக்காதது என்ன இருக்கப் போகுது.

அந்தக் கதைக்கு வர்றேன். ஷூத்திக்கோவ்னு ஒரு மாலுமி, நல்லாப் பாடுவான், எல்லாருக்கும் பிடிச்சவன். புரோஷ்கான்னு இன்னொருத்தன், சோம்பேறி, திருட்டுப் பய, அவனை ஒரு நாய்கூட மதிக்காது. அவன் திருடி மாட்டுனப்ப ஷூத்திக்கோவ் மட்டும் அவனுக்காகப் பேசுறான். அப்புறம் ஒரு நாள் ஷூத்திக்கோவ் கடல்ல விழுந்துடுறான். யோசிக்காம பின்னாலயே குதிக்கிறது யாருன்னா அந்த புரோஷ்கா.

இது சினிமாக் கதை மாதிரி தெரியும். ஆனா நான் படிச்சது வேற இடம். ஆள் விழுந்ததும் வாட்ச்ல, அதாவது கப்பலைக் கவனிக்கிற முறை டியூட்டியில, இருக்குற அதிகாரி முகம் எப்படி மாறுது, மிதவையைத் தூக்கி எறியறது, ஒருத்தனை மேல நிறுத்தி 'கண்ணை எடுக்காத'ன்னு சொல்றது. அந்த வரிசை அப்படியே சரி. பாய்க்கப்பல் பத்து நாட் வேகத்துல போச்சுன்னா ஒரு நிமிஷத்துல முந்நூறு மீட்டர் தாண்டிடும். அலைக்குள்ள ஒரு தலைங்கறது தேங்காய் அளவுதான், மூணு நிமிஷம் பார்வை தப்புனா முடிஞ்சது. நமக்கு எஞ்சின் இருக்கு, சுக்கானை விழுந்த பக்கம் முழுசா வளைச்சு, அறுபது டிகிரி திரும்புனதும் எதிர்ப்பக்கம் வளைச்சா வந்த வழியிலயே கப்பல் திரும்பி நிக்கும், வில்லியம்சன் டர்ன்னு பேரு. அவங்களுக்கு அது கிடையாது. முன் பாயையும் பின் பாயையும் காத்துக்கு ஒன்னுக்கொன்னு எதிரா திருப்பி, ரெண்டும் ஒன்னை ஒன்னு தள்ளிக்கிட்டு கப்பல் நின்ன இடத்துல நிக்கணும். அதுக்கு அம்பது பேர் ஒரே நேரத்துல கயிறு இழுக்கணும். அதுக்கப்புறம்தான் படகை இறக்க முடியும். இதை வெளியாள் எழுதவே முடியாது. வாட்ச்ல நின்னவன் எழுதுனது.

கத்திரிவெயில்:
சரிண்ணே, அந்தப் பாயிண்ட் ஒத்துக்கிறேன். கடல் நிஜம். மனுஷங்கதான் எனக்கு டவுட்டு.

மீனாட்சி_லைப்ரரி:
நல்ல இழை. தேதி விஷயத்துல யாராவது குழம்புவீங்கன்னு முன்னாடியே ஒன்னு சொல்லிடறேன். அவர் பிறந்த நாள் சில இடத்துல மார்ச் 18ன்னும் சில இடத்துல மார்ச் 30ன்னும் இருக்கும், ரெண்டும் தப்பில்ல, பழைய ரஷ்ய காலண்டர் 19ஆம் நூற்றாண்டுல 12 நாள் பின்தங்கி இருந்துச்சு. 1903ல நேப்பிள்ஸ்ல இறந்ததும் அதே மாதிரிதான், மே 7 இல்லன்னா மே 20, அப்ப வித்தியாசம் 13 நாள்.

பழையபேப்பர் கேட்ட கேள்விக்கு என் பதில் அப்பாதான். அந்த மனுஷன் 1869ல இறந்துட்டார். மகன் அவரைப் பத்தி எழுதுனது 1891ல, 'பயங்கர அட்மிரல்'னு அர்த்தம் வர்ற தலைப்பு. வெத்லூகின்னு பேரு மாத்தி வச்சிருக்கார், ஆனா அது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். ரிட்டயர் ஆனப்புறமும் வீட்டைக் கப்பல் மாதிரியே நடத்துறவர். அவர் நடந்து வர்ற சத்தம் கேட்டா பொண்டாட்டி, பிள்ளைங்க, வேலைக்காரங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. கடைசிப் பையன் கடற்படை வேணாம்னு சொல்றான். இதுக்கு மேல சொந்தக் கதைன்னு எழுதி ஒட்டணுமா?

22 வருஷம் மனசுக்குள்ள வச்சிருந்திருக்கார். நான் முதல் தடவ படிக்கிறப்ப பழி வாங்குறார்னு தோணுச்சு. ரெண்டாவது தடவ அப்படித் தோணல. அந்தக் கிழவரோட நேர்மையையும் விடாம எழுதியிருக்கார், அவரோட தைரியத்தைப் பாத்து எழுதுறவனுக்கே ஒரு பெருமை இருக்குற மாதிரி வரிகள் வருது.

கத்திரிவெயில்:
அக்கா, பெருமைன்னு நீங்க சொல்றதைத்தான் நான் பயம்னு சொல்வேன். அடிச்ச அப்பாவைப் பத்தி அம்பது வயசுல எழுதுறப்பவும் 'ஆனா நேர்மையானவர்'னு ஒரு வரி சேக்கணும்னு கை போகுது பாருங்க, அது பெருமை இல்ல.

மீனாட்சி_லைப்ரரி:
இருக்கலாம். ரெண்டையும் பிரிக்க முடியாதுன்னு நெனைக்கிறேன், எங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தர் இருந்தார்.

தோழர்கிட்டு:
எல்லாரும் அப்பா, கடல்னு போறீங்க, நடுவுல ஒரு பெரிய துண்டையே விட்டுட்டீங்க. மனுஷன் வேலையை விட்டதே அப்பாவுக்கு எதிரா மட்டும் இல்ல தோழர்களே, அந்தக் காலகட்டம் அப்படி. 1861ல பண்ணையடிமை முறை ஒழிப்பு, அப்ப இவர் கப்பல்ல. கப்பல்ல இருக்குற மாலுமி அத்தனை பேரும் அந்தக் குடியானவங்க வீட்டுலேர்ந்து பிடிச்சுட்டு வந்தவங்க, முந்தின ராஜா காலத்துல இருபது வருஷத்துக்கு மேல சேவை. கயிறு முனையால முதுகுல அடிக்கிறது தினசரி. 1863 ஏப்ரல்லதான் சட்டம் வந்து அந்த உடல் தண்டனையைப் பெரும்பகுதி நிறுத்துனாங்க. அதாவது இவரோட நாலு வருஷம் கரெக்டா அந்த மாற்றத்துக்கு நடுவுல விழுது. முன்னாடியும் பாத்தார், பின்னாடியும் பாத்தார். அடிச்சே பழகுன பழைய கேப்டனும் புதுசா வந்த படிச்ச கேப்டனும் ஒரே மேஜையில சாப்பிடறதைப் பாத்தவர். கதை பூரா அந்த மோதல்தான்.

ராஜினாமா பண்ணிட்டு நேரா விளாதிமிர் மாகாணத்துல ஒரு கிராமத்துக்கு வாத்தியாரா போனார், ஜனங்க எப்படி வாழறாங்கன்னு பாக்கணும்னு. அட்மிரல் பையன்! அப்புறம் 'தேலோ'ங்கற முற்போக்குப் பத்திரிகையில 'ஒளிவுமறைவில்லாத எழுத்தாளர்'ங்கற புனைபேர்ல பத்தி எழுதி, 1881லேர்ந்து ஆசிரியர் குழுவுலயே இருந்து, பின்னாடி பத்திரிகையையே தன் கைக்கு வாங்கிட்டார். நாடு விட்டு ஓடுன புரட்சிக்காரங்க எழுதுனதை வேற பேர்ல போட்டு அவங்களுக்குக் காசும் அனுப்பியிருக்கார். ஸ்தெப்னியாக் கிராவ்சின்ஸ்கின்னா யாரு, 1878ல ஜார் போலீஸ் தலைவரையே குத்திக் கொன்னவர், அவரோடல்லாம் தொடர்பு. 1884ல வெளிநாட்டுலேர்ந்து திரும்புறப்ப எல்லையிலயே தூக்கிட்டாங்க. பத்திரிகை போச்சு, போட்ட காசெல்லாம் போச்சு. 1885ல மூணு வருஷத்துக்கு தோம்ஸ்க், மேற்கு சைபீரியா, குடும்பத்தோட.

இரக்கப்பட்டு எழுதுனார், சர்க்கரை ஜாஸ்தின்னு சொன்ன நண்பர் இந்த ரசீதையும் பாக்கணும்.

கத்திரிவெயில்:
ரசீது இருக்கறதால கதை நல்ல கதை ஆயிடாது தோழர். ஜெயிலுக்குப் போன மோசமான எழுத்தாளர்கள் லிஸ்ட் என்கிட்டயும் இருக்கு 😄

தோழர்கிட்டு:
அதுவும் சரிதான் 😄

பழையபேப்பர்:
தோழர் சொன்ன தோம்ஸ்க்தான் நான் வர நெனச்ச இடம். 1867லயே இவர் கடல் பயணக் கட்டுரைகளை ஒரு புத்தகமா போட்டுட்டார். யாரும் பெருசா கண்டுக்கல. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட இருபது வருஷம் நாவல், நாடகம், அரசியல் நையாண்டி, எல்லாம் நகரத்து விஷயம், ரயில்வே முதலாளிங்க, பேங்க் ஊழல், அந்த மாதிரி. இன்னைக்கு அதையெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்கதான் தொடறாங்க. திடீர்னு 1886லேர்ந்து கடல் கதைகள் பத்திரிகையில வர ஆரம்பிக்குது. அணியம் அண்ணன் படிச்ச கதை 1887. எல்லாம் தோம்ஸ்க்ல உக்காந்து எழுதுனது.

மேப்பை எடுத்துப் பாருங்க. தோம்ஸ்க்லேர்ந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஒரு ஆறு இருக்கு, அதுவும் பாதி வருஷம் உறைஞ்சு கெடக்கும். அங்க உக்காந்துக்கிட்டு மனுஷன் மடெய்ரா, ஜாவா, ஹாங்காங், வெப்பமண்டலத்து ராத்திரி, டெக்குல படுத்துக்கிட்டு நட்சத்திரம் பாக்குற மாலுமிங்கன்னு எழுதித் தள்றார். ஏன்னு கேட்டா எனக்கு ரொம்ப சிம்பிளான பதில்தான் தோணுது. அரசியல் எழுதுனா சென்சார். கைதி எழுதுன அரசியலை எந்தப் பத்திரிகையும் தொடாது. காசு வேணும், வீட்டுல குழந்தைங்க. கையில மிச்சம் இருந்த ஒரே சரக்கு அந்த நாலு வருஷம். பரண்ல போட்டு வச்ச பெட்டியைத் தெறந்தவன் மாதிரி தெறந்துட்டார்.

தோழர்கிட்டு:
சின்னத் திருத்தம். அரசியலையும் விடல. அங்க 'சிபீர்ஸ்கயா கஸேத்தா'ன்னு ஒரு உள்ளூர் பேப்பர், அதுல 'ந. தோம்ஸ்க்கி'ங்கற பேர்ல ஒரு நாவலே தொடரா எழுதுனார். தலைப்பு 'அவ்வளவு தூரமில்லாத இடங்கள்'. இது என்ன ஜோக்குன்னா, ரஷ்ய சட்டப் புத்தகத்துல நாடு கடத்தலுக்கு ரெண்டு கிரேடு, சைபீரியாவோட 'தூரமான இடங்கள்', 'அவ்வளவு தூரமில்லாத இடங்கள்'. பீட்டர்ஸ்பர்க்லேர்ந்து கிளம்புனா வாரக்கணக்குல ஆகும், அதுக்கு கவர்மென்ட் வச்ச பேரு அவ்வளவு தூரமில்லாத இடம்! ஊர்ல இருக்குற நாடுகடத்தப்பட்டவங்க, லஞ்சம் வாங்குற அதிகாரிங்க எல்லாரையும் உள்ள போட்டு வெளுத்திருக்கார்.

ஞாயிறுமதியம்:
எங்க கம்பெனியில வேற ஊருக்கு டிரான்ஸ்ஃபர் போடறப்பவும் இதே வார்த்தையைத்தான் சொன்னாங்க

ராகமாலிகை:
இலக்கியம் எனக்கு அவ்வளவு வராது, சங்கீதம் பக்கத்து ஆளு நான். ஆனா இந்த கேடட் பள்ளி வருஷங்களைப் பாத்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு. ரிம்ஸ்கி கோர்சகோவ், ஷெஹரஸாத் கம்போஸ் பண்ணவர், 1844ல பொறந்தவர், இதே பள்ளியில 1856லேர்ந்து 1862 வரைக்கும். அவரும் 'அல்மாஸ்'ங்கற கப்பல்ல மூணு வருஷம் போய் 1865லதான் திரும்புனார், நியூயார்க் வரைக்கும். அதாவது ரெண்டு பேரும் ஒரே வராந்தாவுல நடந்திருக்காங்க. அந்த ஷெஹரஸாத்ல கடலும் சிந்துபாத் கப்பலும் வர்ற பகுதியில வயலின் செல்லோ அடியில ஏறி எறங்கி ஏறி எறங்கிப் போறது, கப்பல்ல நின்னு கால் தடுமாறுனவனுக்குத்தான் வரும்.

மீனாட்சி_லைப்ரரி:
ராகமாலிகை, இன்னும் ஒருத்தரையும் சேத்துக்கோங்க. ஓவியர் வெரெஷ்சாகின். அதே பள்ளியில 1860ல படிப்பை முடிச்சார், முதல் மாணவரா, முடிச்ச கையோட கடற்படைக்கு டாட்டா காட்டிட்டு ஓவியப் பள்ளிக்குப் போயிட்டார். 1874லேர்ந்து 1876 வரைக்கும் இந்தியாவுல சுத்தி தாஜ்மகால்லாம் வரைஞ்சவர், சிப்பாய்களை பீரங்கி வாயில கட்டி சுடறதை வரைஞ்சதும் அவர்தான். கடைசியில பாருங்க, கடற்படையை விட்டு ஓடுனவர் 1904ல ஜப்பான் போர்ல 'பெத்ரோபாவ்லோவ்ஸ்க்' கப்பல்ல அட்மிரல் மக்காரோவ் கூட இருந்தப்ப கண்ணிவெடி பட்டு கப்பலோட மூழ்கிட்டார்.

ஒரே பள்ளி, ஒரே நாலஞ்சு வருஷம், மூணு பேரு: ஒரு ஓவியர், ஒரு இசையமைப்பாளர், ஒரு எழுத்தாளர். கப்பல் ஓட்ட ஆள் தயார் பண்ற இடம் அது.

கத்திரிவெயில்:
அந்தப் பள்ளியோட பிரின்சிபாலை நெனச்சா பாவமா இருக்கு.

பழையபேப்பர்:
😂 ஆனா அந்த நேரத்துக் கடற்படை சும்மா கட்டுப்பெட்டித்தனமான இடம் இல்லக்கா. 'மொர்ஸ்கோய் ஸ்போர்னிக்'னு கடற்படையோட சொந்தப் பத்திரிகை, ராஜாவோட தம்பி கான்ஸ்டன்டீன் ஆதரவுல நடந்தது. பிரோகோவ்னு பெரிய சர்ஜன், செவஸ்தோபோல் முற்றுகையில வேலை பாத்தவர், கல்வியைப் பத்தி எழுதி நாடே பேசுன கட்டுரை 1856ல அதுலதான் வந்துச்சு. கப்பல் பத்திரிகையில கல்விக் கட்டுரை. நம்மாளோட பயணக் கட்டுரைகளும் அங்கதான் வந்துது. 1863ல சைகோன் போய் பிரெஞ்சுக்காரங்க அந்த நாட்டைப் பிடிக்கிறதைக் கண்ணால பாத்து எழுதியிருக்கார். 20 வயசுப் பையன்.

அப்புறம் அதே வருஷம் நடந்தது ஒன்னு. பசிபிக் படைத் தலைவர் அட்மிரல் பப்போவ் இவரை அவசரக் காகிதங்களோட தரை வழியா பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பறார். சீனா, சைபீரியா முழுக்க குறுக்க. போறப்ப கப்பல்ல பாதி உலகம், திரும்பறப்ப குதிரை வண்டியில மீதி உலகம். அன்னைக்குக் கடந்து போன அதே சைபீரியாவுக்குத்தான் 22 வருஷம் கழிச்சு கைதியா வரப்போறோம்னு அவருக்கு எப்படித் தெரியும்.

அணியம்77:
பப்போவ்னா வட்டக் கப்பல் கட்டுனவரா? எங்க டிரெய்னிங்ல வாத்தியார் ஒருத்தர் போட்டோ காட்டி சிரிப்பார், தட்டு மாதிரி உருண்டையா ஒரு போர்க்கப்பல்.

பழையபேப்பர்:
அவரேதான் அண்ணே! 'நோவ்கொரோத்', 1870கள்ல கருங்கடல்ல விட்டாங்க, இவர் பேரே அந்த வகைக் கப்பலுக்கு வந்துடுச்சு, 'பப்போவ்கா'. அவரை வச்சுத்தான் 1894ல 'அமைதியில்லாத அட்மிரல்'னு ஒரு நீளமான கதை எழுதியிருக்கார். கோவம் வந்தா டெக்குல குதிப்பார், தொப்பியைக் கழட்டி மிதிப்பார், எதிர்த்துப் பேசுன ஒரு இளம் அதிகாரியைக் கடிச்சுத் துப்புற மாதிரி பாஞ்சுட்டு, அப்புறம் அவனுக்கு முதுகெலும்பு இருக்குன்னு அவனைத்தான் மதிப்பார். மாலுமிங்களுக்கு அவரைப் பாத்தா நடுக்கம், ஆனா அவர் காரணமில்லாம யாரையும் அடிக்க விடமாட்டார்.

மீனாட்சி அக்கா சொன்ன அப்பா கதையோட இதையும் பக்கத்துல வச்சுப் படிக்கணும். ரெண்டும் அட்மிரல், ரெண்டும் கத்துற ஆளு. ஒருத்தர் கத்துனா வீடு செத்துப்போகும், இன்னொருத்தர் கத்துனா கப்பல் உயிரோட இருக்கும். இவர் ரெண்டாவது அப்பா ஒன்னைத் தேடிக்கிட்டார்னு சொன்னா கத்திரிவெயில் அடிக்க வருவார், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கத்திரிவெயில்:
அடிக்கல, அது நல்ல பாயிண்ட். அதுக்கு லைக் போட்டாச்சு.

ஆனா நான் 'மாக்சிம்கா'வுக்கு வர்றேன், ஏன்னா அவரோட ஃபேமஸ் கதை அதுதான், 1952ல சோவியத்ல படமாவே எடுத்துட்டாங்க. அடிமைங்களை ஏத்துற அமெரிக்கக் கப்பல் மூழ்கி, உடைஞ்ச பாய்மரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கறுப்பினப் பையன் மிதக்குறான், ரஷ்யக் கப்பல் காப்பாத்துது. லுச்கின்னு ஒரு மாலுமி, கரைக்குப் போனா சட்டையைக்கூட வித்துக் குடிச்சுட்டு வர்ற ஆளு, அவன் அந்தப் பையனை எடுத்து வளக்குறான், பையன் அவனைக் குடியிலேர்ந்து மீட்குறான். அழ வைக்கிற கதை, நானும் அழுதேன், பொய் சொல்லல.

ஆனா யோசிங்க, அந்தப் பையனுக்கு ஒரு பேரு இருந்திருக்கும்ல? அன்னைக்கு மாக்சிம்ங்கற புனிதரோட நாளுன்னு 'மாக்சிம்கா'ன்னு வச்சுட்டாங்க. கடைசியில ஞானஸ்நானம் வேற, கப்பல் பேரையே குடும்பப் பேரா ஒட்டியாச்சு. இன்னொரு முதலாளி கிட்டேர்ந்து இன்னொரு முதலாளி, இவன் அடிக்க மாட்டான், அவ்வளவுதான வித்தியாசம்? எழுதுனவருக்கு அது உறைச்ச மாதிரியே தெரியல.

மீனாட்சி_லைப்ரரி:
உறைக்கலங்கறது உண்மை. 1896ல ரஷ்யாவுல உக்காந்து எழுதுனவருக்கு ஞானஸ்நானம் ஒரு பரிசு. அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா ஒன்னு கவனிச்சீங்களா, அந்தப் பையனைத் தொட்டா துடிச்சுப் பின்வாங்குவான், முதுகுல அடி வாங்குன தழும்பு. அதைப் பாக்குற மாலுமிங்க முதுகுலயும் அதே தழும்பு. லுச்கின் அவனைப் பாத்து இரக்கப்படல, அடையாளம் கண்டுக்கிறான். மேல் தளத்துலேர்ந்து கீழ பாத்து எழுதுனதுன்னு முன்னாடி சொன்னீங்களே, இந்த இடத்துல அப்படி இல்ல. அதிகாரிங்க பையன்மேல இரக்கம் காட்டுறாங்க, சட்டை தைக்கச் சொல்றாங்க. ஆனா பக்கத்துல படுக்க வைக்கிறது லுச்கின் மட்டும்தான்.

கத்திரிவெயில்:
ம்ம்ம். அந்தச் சட்டை தைக்கிற இடம் மறந்தே போச்சு, திரும்பப் படிக்கிறேன்.

ராகமாலிகை:
ஒரு சின்னக் கேள்வி, இவர் கதைகளைத் தமிழ்ல கொண்டு வந்தா கப்பல் வார்த்தைகளுக்கு என்ன பண்ணுவீங்க? எனக்கு பாய்மரம், நங்கூரம் தாண்டி ஒன்னும் தெரியாது.

அணியம்77:
நிறைய இருக்குங்க, கடற்கரையில இருக்கு, அகராதியில தேடாதீங்க. கப்பலோட முன் முனை அணியம், அதான் என் பேரு. பாய் தொங்குற குறுக்குக் கட்டை பருமல். எங்க தாத்தா தோணியில போனவர், தோணியோட தலைவரை தண்டையல்னுதான் சொல்வார். பிரச்சனை என்னன்னா ரஷ்யக் கப்பல்ல மூணு பாய்மரம், ஒவ்வொன்னுலயும் அஞ்சாறு பாய், ஒவ்வொன்னுக்கும் தனிப் பேரு. அதுக்குத் தமிழ்ல பேரு கிடையாது, நம்ம தோணியில அத்தனை பாய் இல்ல. மேல் பாய், நடுப் பாய்னு சொல்லிட்டுப் போகலாம். படிக்கிறவனுக்கு வேண்டியது பாயோட பேரு இல்ல, புயல்ல அந்தப் பருமல் மேல வயித்தை அழுத்திப் படுத்துக்கிட்டு ரெண்டு கையாலயும் நனைஞ்ச பாயைச் சுருட்டணும்ங்கறது. ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்குன்னு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க. பாய் சுருட்டறப்ப ரெண்டு கையும் கப்பலுக்குத்தான்.

பழையபேப்பர்:
அண்ணே, அதைவிடக் கஷ்டம் அந்த போஸன்களோட, அதாவது மாலுமிங்களை வேலை வாங்குற மேஸ்திரிங்களோட, கெட்ட வார்த்தை. இவர் கதையில வர்ற போஸன் திட்டறது ஒரு கலை, மூச்சு விடாம புதுசு புதுசா கட்டுவான், மாலுமிங்களே ரசிச்சுக் கேப்பாங்க. ஆனா அந்தக் காலத்து சென்சார்ல எதையும் எழுத முடியாது, அதனால திட்டுனான்னு மட்டும் சொல்லி, கேட்டவன் முகத்தை வர்ணிச்சே ஓட்டியிருக்கார். ஒரு வார்த்தைகூட இல்லாம நம்ம காது கூசுது.

ஞாயிறுமதியம்:
கடைசியா என்ன ஆனார்? யாரும் சொல்லல

பழையபேப்பர்:
1888ல தண்டனை முடிஞ்சு ஊர் திரும்புறப்ப இவர் பிரபலம். போறப்ப கைவிட்டுப் போன பத்திரிகையோட ஆசிரியர், வர்றப்ப கடல் கதை எழுத்தாளர். 1895ல 'கோர்ஷுன் கப்பல்ல உலகத்தைச் சுத்தி'ங்கற நாவல், பசங்களுக்காக எழுதுனது, அதுல வர்ற வலோத்யா அஷானின் 17 வயசு இவரேதான். 1901ல அகாடமியோட புஷ்கின் பரிசு. உடம்பு கெட்டுப்போய் இத்தாலிக்குப் போனார், நேப்பிள்ஸ்ல, கடற்கரை ஊர்லயே, 60 வயசுல போயிட்டார். போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி எழுதுனது 'செவஸ்தோபோல் சிறுவன்', மறுபடி அந்த முற்றுகைக்கே போயிட்டார்.

முதல் கப்பல் பயணத்துல, 1861 ஆகஸ்ட்ல இவருக்கு உடம்பு முடியாமப் போய் 'கலேவலா' இவரை விளாதிவஸ்தோக் ஆஸ்பத்திரியில இறக்கி விட்டுட்டுப் போச்சு. விளாதிவஸ்தோக்ங்கற ஊரே ஆரம்பிச்சு அப்ப ஒரு வருஷம்தான். நாலு வீடு, கொஞ்சம் சோல்ஜருங்க, சுத்தியும் காடு. 18 வயசுப் பையன் படுக்கையில படுத்துக்கிட்டு, தன் கப்பல் வளைகுடாவுல இல்லாததைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பான். கப்பல் வேணாம்னு அழுதவன்தான். அன்னைக்கு அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிக்கிறேன்.

அணியம்77:
எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்றேன். எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துல இறக்கி விட்டுட்டு கப்பல் கிளம்பிடுச்சு. அந்தக் கப்பலைப் பத்தி நான் புலம்பாத நாள் கிடையாது, சாப்பாடு மோசம், கேப்டன் மோசம். ஜன்னல் வழியா அது போறதைப் பாத்தப்ப என்னை விட்டுட்டு வீட்டுல எல்லாரும் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போற மாதிரி இருந்துச்சு.

அடுத்த மாசம் ஜாயின் பண்றேன். அந்த 'ஆள் விழுந்துட்டான்' கதையை நேத்து எங்க பழைய ஃபிட்டருக்கு போன்ல தமிழ்ல சொன்னேன், அவர் முப்பது வருஷம் கப்பல்ல இருந்தவர். புரோஷ்கா குதிச்சான்னு சொன்னதும் நடுவுல நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்டார், 'குதிச்சவன் மிதவையோட குதிச்சானா, சும்மா குதிச்சானா?' மிதவையோடதான்னேன். 'அப்ப எழுதுனவன் கப்பல்காரன்தான்'னுட்டு, மேல சொல்லுன்னார்.